வெஸ்டர்ன் பிளாட்டில் குறையாத புரதம்: என் அனுபவம்

எலி நரம்பணு வளர்ப்பில் எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏவை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு ஒரு புரதத்தைக் குறைக்கப் பார்த்தேன். எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரில் சிடி மதிப்பு (சமிக்ஞை தெரிய எத்தனை சுற்று பெருக்க வேண்டும் என்ற எண்) 2 சுற்று தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பாகும்; அதாவது எம்ஆர்என்ஏ கால்வாசிக்கு இறங்கிவிட்டது. ஆனால் புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், எஸ்ஐஆர்என்ஏ போட்டது, போடாதது என்ற இரண்டு பட்டைகளும் ஒரே கறுப்பு. இரண்டு வாரம் எஸ்ஐஆர்என்ஏவையே சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் படத்தைப் பெரிதாக்கியபோது, பட்டையின் நடுவில் மட்டும் வெளிறிப்போன ஓட்டை மாதிரி தெரிந்தது. புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியோடு சேர்ந்து வந்து ஒளியை உண்டாக்கும் ஹெச்ஆர்பி நொதி அந்த இடத்தில் அளவுக்கு மீறி இருந்து, ஒளிரும் கரைசலை முன்னதாகவே தீர்த்துவிட்டிருந்தது. நிரம்பி வழியும் பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினாலும் ஒரே அளவுதானே காட்டும்!

புரதங்களைப் பிரிக்கும் அடுத்த ஜெல்லில், எஸ்ஐஆர்என்ஏ போடாத செல்களின் மாதிரியையே 100, 50, 25, 12.5 சதவீதம் என்று நீர்த்து ஓட்டினேன். ஜெல்லின் ஒரு குழிக்கு 40 மைக்ரோகிராம் புரதம் ஏற்றியபோது பாதியும் முழுதும் ஒன்றுபோலவே வந்தன. 10 மைக்ரோகிராமில், ஆன்டிபாடியையும் இன்னும் நீர்த்தபிறகு, பாதி பாதியாகவே வந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்த அளவுகோல்.

ஒப்பீட்டுக்கு வைத்திருந்த, செல்களில் ஏராளமாக இருக்கும் ஆக்டின் புரதமும் அதேபோல நிரம்பித்தான் கிடந்தது. அதை விட்டுவிட்டு, பான்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தை அளந்தேன்.

இன்னொரு தவறும் இருந்தது: 24 மணி நேரத்திலேயே செல்களை எடுத்துவிட்டேன். எம்ஆர்என்ஏ போனாலும் ஏற்கெனவே உருவான புரதம் சிதைய நாளாகும். 72 மணி நேரம் விட்டு எடுத்த மாதிரி, அளவுகோலின் 25, 50 பட்டைகளுக்கு நடுவே வந்து நின்றது.