எஸ்11 அழகாக வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

28 கிகாஹெர்ட்ஸுக்கு முதன்முதலாக ஒரு பேட்ச் ஆன்டெனா (போர்டில் பதித்த தட்டையான செப்புத் துண்டு) செய்தபோது எஸ்11 (திரும்பி வரும் சக்தியின் அளவு, மைனஸ் கூடக்கூட நல்லது) மைனஸ் 14 டெசிபெல் காட்டியது, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கெயினை, அதாவது ஒரு திசையில் எவ்வளவு பலமாக அனுப்புகிறது என்பதை, அளந்தால் சிமுலேஷனைவிட 6 டெசிபெல் குறைவு.

எஸ்11 சொல்வது, அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மட்டும்தான். மிச்சம் காற்றில் போனதா, போர்டிலேயே சூடாகித் தீர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. வந்த சக்தியையெல்லாம் சூடாக்கியே தீர்க்கும் 50 ஓம் டம்மி லோடை மாட்டினால் இதைவிட நல்ல எஸ்11 வரும்!

என் விஷயத்தில் குற்றவாளி எஃப்ஆர்4 என்ற சாதாரண சர்க்யூட் போர்டு. குறைந்த அலைவரிசைகளில் நல்ல பிள்ளை, 28-இல் ஒரு செ.மீ. ஃபீட் லைனுக்கே (ஆன்டெனாவுக்குச் சிக்னல் கொண்டுபோகும் தடம்) ஏறக்குறைய 1 டெசிபெல் தின்றுவிடும். என் லைன் 3 செ.மீ., போகும்போது 3, திரும்பும்போது 3. ஆக ஆன்டெனாவின் வாயில் மைனஸ் 8 ஆக இருந்ததுதான் எஸ்11 அளக்கும் அனலைசரில் மைனஸ் 14 ஆகத் தெரிந்தது. சிமுலேஷனில் போர்டின் இழப்பைப் பூஜ்யமாகவே விட்டிருந்தேன், அது தனிக் கூத்து.

சரி, கெயினை அளக்கலாம் என்று போனால் அடுத்த பள்ளம் தூரம். 2D²/λ கணக்குப்படி (D ஆன்டெனாவின் அகலம், λ அலைநீளம்), பல ஆன்டெனாக்களை அடுக்கிய 10 செ.மீ. அகல அர்ரேக்கு 28 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அகலம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே எடுத்த பேட்டர்னை (எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற படம்) நம்பாதீர்கள். பேட்ச் 3 மி.மீ.தான், கனெக்டர் அதைவிடப் பெரிது, அதுவும் அலையைச் சிதறடிக்கும்.

அலை காற்றில் பரவும் பக்கம் வந்தால், அதிர்வெண் கூடினால் காற்று அதிகம் விழுங்கும் என்று எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். 60 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜன் விழுங்குவது உண்மை, ஆனால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல். 10 மீட்டர் அறையில் அது 0.15. வெற்றுவெளியில் எவ்வளவு சக்தி போய்ச்சேரும் என்று கணக்கிட 1946-இல் ஃப்ரீஸ் தந்த சூத்திரத்தில் அதிர்வெண்ணோடு கூடும் இழப்பு, ஆன்டெனாவும் அலைநீளத்தோடு சேர்ந்து சுருங்குவதால் வருவது. இரு முனையிலும் ஆன்டெனாவின் பரப்பை மாற்றாமல் வைத்தால், வெற்றுவெளியில் கிடைக்கும் சக்தி கூடத்தான் செய்யும். கற்றை ஒல்லியாகிவிடும், குறி தப்பினால் போச்சு.

கடைசியாக, நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பு: தூரத்தோடு இழப்பை அளக்கும்போது சிக்னலே கிடைக்காத இடங்களை அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டு மிச்சப் புள்ளிகளுக்குக் கோடு வரைவது. தூரத்தில் தப்பிப் பிழைத்த நல்ல புள்ளிகள் மட்டும் நிற்கும், பாத் லாஸ் எக்ஸ்போனென்ட் (தூரத்தோடு இழப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்ற எண்) குறைவாக வரும். அந்த இடங்களையும் ‘இழப்பு இதற்கு மேல்’ என்று குறித்து வையுங்கள்.