வக்கீல் ஆபீஸுக்கு ஆன்லைன் மென்பொருள்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை கோர்ட்டை நம்பி இருக்கும் வக்கீல் ஆபீஸ்களில் பல சிறியவை. ஒரு சீனியர், ஒன்றிரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, சில இடங்களில் ஒரு டைப்பிஸ்ட், அவ்வளவுதான். ஆனால் வழக்குகள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. பாளையங்கோட்டையில் சாட்சி விசாரணை இருக்கும் அதே நாளில் அம்பாசமுத்திரத்தில் ஒரு வாய்தா இருக்கும், நாங்குநேரியில் ஒரு மனு நிற்கும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு இரண்டாம் மேல்முறையீடு பட்டியலுக்கு வந்திருக்கும். இத்தனையையும் ஒரு டைரியும் குமாஸ்தாவின் ஞாபகமும்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில்தான் மென்பொருள் விற்பவர் வந்து லேப்டாப்பைத் திறக்கிறார்.

திறந்ததும் ஒரு மாதிரி வழக்கைக் காட்டுவார். ஒரு வாதி, ஒரு பிரதிவாதி, ஒரே கோர்ட், ஒரே எண். திரையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்தே முடிவு செய்வதுதான் தவறுகளில் தலையாயது, மற்றவை எல்லாம் இதன் கிளைகள். மேலப்பாளையம் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணத்தை எண்ணுவதில்லை. இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் காலத்தில் உங்கள் அலமாரியிலேயே சிக்கலான வழக்குக் கட்டு எதுவோ அதை எடுத்து உள்ளே ஏற்றிப் பாருங்கள். முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினைக்கு ஓ.எஸ். (அசல் வழக்கு), அதில் நாலைந்து ஐ.ஏ. (இடைக்கால மனு), சார்பு நீதிமன்றத்தில் ஏ.எஸ். (முதல் மேல்முறையீடு), மதுரைக் கிளையில் எஸ்.ஏ. (இரண்டாம் மேல்முறையீடு), திரும்பி வந்து ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றும் மனு), நடுவில் இரண்டு பிரதிவாதிகள் இறந்து வாரிசுகள் சேர்ந்த கட்டு. இப்படி ஒன்று இல்லாத ஆபீஸ் நம் பக்கத்தில் இருக்காது.

பல மென்பொருள்கள் இந்த ஒவ்வொரு எண்ணையும் தனி வழக்காக வைத்துக்கொள்ளும். கட்சிக்காரர் வந்து “என் கேஸ் என்னாச்சு சார்?” என்று கேட்டால் ஐந்து இடத்தில் தேட வேண்டியிருக்கும். ஒரு தாய்க்கட்டு, அதன் கீழ் எல்லா எண்களும் என்று வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டால் எண்ணும் மாறும். பழைய எண்ணை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும் என்றால் அது நமக்கு உதவாது.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுப்பது

‘வாய்தா தேதி தானாக வந்துவிடும்’ என்பதுதான் விற்பனையில் பெரிய வாக்குறுதி. அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கோர்ட்டுகளின் அரசுத் தளமான இகோர்ட்ஸிலிருந்து. அதே தகவலை இகோர்ட்ஸ் கைபேசிச் செயலி காசில்லாமல் தருகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வழக்கைச் சேமித்து வைக்கலாம், வக்கீலின் பதிவு எண்ணை வைத்தும் தேடலாம். தேதி மட்டும்தான் தேவை என்றால் அந்தச் செயலியே போதும், ஆண்டுச் சந்தா வேண்டாம் என்பது என் கருத்து.

காசு கொடுக்கத்தான் போகிறோம் என்றால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். முதலாவது, கோர்ட் ஊழியர் பதிவேற்றிய பிறகுதான் தளத்தில் தேதி தெரியும். அவர் மாலையில் ஏற்றினால் மென்பொருளுக்கும் மாலையில்தான் தெரியும், தவறாக ஏற்றினால் தவறாகத்தான் தெரியும். கோர்ட் ஹாலில் நீதிபதி சொன்ன தேதியைக் காதால் கேட்டு எழுதிய குமாஸ்தாவின் டைரிக்கு அது ஈடாகாது. அதனால் கையால் போட்ட தேதியும் தளத்திலிருந்து வந்த தேதியும் வேறுபட்டால் மென்பொருள் என்ன செய்கிறது என்று கேளுங்கள். சத்தமில்லாமல் நம் தேதியை அழித்துவிட்டுத் தன் தேதியைப் போடுகிறது என்றால் வேண்டாம். இரண்டையும் காட்டி எச்சரித்தால் நல்லது.

இரண்டாவது, இகோர்ட்ஸ் தளம் மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளுக்கானது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் நடக்கும் பட்டா மேல்முறையீடு அதில் வராது. நுகர்வோர் ஆணையத்துக்குத் தனித் தளம், மதுரைக் கிளைக்கும் தனித் தளம். நிலப் பிரச்சினை இல்லாத வக்கீல் ஆபீஸ் தாமிரபரணிக் கரையில் ஏது? வருவாய்த் துறை விசாரணைத் தேதிகளைக் கையால் போட்டு, அதே நாட்காட்டியில் மற்ற வாய்தாக்களோடு சேர்த்துப் பார்க்க முடியாவிட்டால் மறுபடியும் இரண்டு டைரி வைக்க வேண்டிவரும்.

கெடு கணக்கை மென்பொருளிடம் விடுவது

இது கொஞ்சம் ஆபத்தான இடம். வாய்தா தவறினால் எக்ஸ்பார்ட்டி (நாம் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு) ஆகும், 30 நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யப் பார்க்கலாம். காலவரம்பு தவறினால் பேச்சு வேறு.

காசோலை வழக்கை எடுத்துக்கொள்வோம். காசோலை திரும்பியதாக வங்கி சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை), அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். கவனியுங்கள், கடைசியில் சட்டம் சொல்வது ஒரு மாதம், 30 நாள் அல்ல. பிப்ரவரி 10 அன்று வழக்குமூலம் எழுந்தால் கெடு மார்ச் 10. மென்பொருள் 30 நாள் என்று கூட்டினால் சாதாரண ஆண்டில் மார்ச் 12 என்று காட்டும். அதை நம்பிப் போனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்தத் தேதியைச் சோதனையின்போது போட்டுப் பாருங்கள். விற்பவருக்கே வியர்க்கும்.

மேல்முறையீடும் அப்படித்தான். உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற கோர்ட்டுகளுக்கு 30 நாள். ஆனால் காலவரம்புச் சட்டம் 12-ம் பிரிவின்படி தீர்ப்பு நகல் வாங்க ஆன காலத்தைக் கழிக்க வேண்டும். அப்படியானால் தீர்ப்புத் தேதி, நகல் மனுப் போட்ட தேதி, நகல் தயாரான தேதி என்று மூன்று கட்டங்கள் வேண்டும். ஒரே ஒரு தேதியைக் கேட்டுவிட்டுக் கெடு சொல்லும் மென்பொருள் இதை யோசித்ததே இல்லை என்று அர்த்தம். கடைசி நாளில் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம், அதற்கு உள்ளூர் விடுமுறைப் பட்டியலை நாமே ஏற்ற வழி இருக்க வேண்டும். கிரிமினல் பக்கம் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பழைய குற்றங்களுக்கான வழக்குகள் இன்னும் பல ஆண்டு ஓடும் என்பதால் பழைய பிரிவு, புதிய பிரிவு இரண்டுமே பட்டியலில் இருக்க வேண்டும்.

பெயரும் எழுத்தும்

வெளிநாட்டில் செய்த மென்பொருள் பல ‘கடைசிப் பெயர்’ போடாமல் மேலே நகரவிடாது. சு. இசக்கிமுத்துவுக்குக் கடைசிப் பெயர் எது? ஒரு ஜூனியர் ‘சு’வைப் போடுவார், இன்னொருவர் ‘முத்து’வைப் பிரித்துப் போடுவார், மூன்றாமவர் புள்ளி வைத்துவிட்டுப் போவார். அப்புறம் தேடினால் ஒன்றும் அகப்படாது. நம் ஊரில் இசக்கியும் சுடலையும் மாடசாமியும் பேச்சியும் எத்தனை பேர்! தகப்பனார் பெயரும் ஊரும் இல்லாமல் ஆளைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால் இசக்கியை ஒருவர் ‘ஈ’ போட்டுத் தொடங்குவார், ஒருவர் ‘ஐ’ போட்டுத் தொடங்குவார், நடுவில் ‘எஸ்’ ஒன்றா இரண்டா என்பது அவரவர் விருப்பம்.

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. எதிர்த்தரப்பாக ஏற்கெனவே நம் கட்டில் இருக்கும் ஒருவர் புதுக் கட்சிக்காரராக வந்து உட்கார்ந்தால் அது உடனே தெரிய வேண்டும். ஒரே பெயருள்ள ஐந்து பேரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏற்றித் தேடிப் பார்த்தால் மென்பொருளின் தரம் விளங்கிவிடும்.

இன்னொரு சோதனை, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தமிழ்ப் பிராது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடு வருவதற்கு முன்பும், வந்து பல காலம் ஆன பிறகும், டைப்பிங் சென்டர்களில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள்தான் ஓடின. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அந்தக் கோப்பை ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம், தேடல் சுத்தமாக வேலை செய்யாது. ‘எல்லா ஆவணத்திலும் ஒரே நொடியில் தேடலாம்’ என்ற பேச்சு அங்கே முடிந்துவிடும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை யாருடையது, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கு

அமெரிக்க வக்கீல்களுக்காகச் செய்த மென்பொருளில் மணிக்கணக்குப் பார்க்கும் கடிகாரம் பிரமாதமாக இருக்கும். நம் பக்கம் யார் மணிக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்குகிறார்கள்? வழக்குக்கு இவ்வளவு என்று பேசி, தவணையாக வாங்கி, நடுவில் நெல் அறுத்ததும் தருகிறேன் என்பவரையும் பொறுத்துக்கொள்வதுதான் நடைமுறை. வழக்கு ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்ற ஃபீஸுக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடவே கூடாது, பார் கவுன்சில் விதிகள் அந்த ஏற்பாட்டைத் தடுக்கின்றன.

உண்மையில் தேவையானது வேறு. கட்சிக்காரர் கொடுத்த பணம் ஃபீஸுக்கா, கோர்ட் கட்டணம் போன்ற செலவுக்கா என்று கணக்கில் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன அதே விதிகள். ‘வரவு’ என்று ஒரே கட்டத்தில் எல்லாவற்றையும் போடும் மென்பொருள் பிற்காலத்தில் புகார் வந்தால் நம்மைக் காப்பாற்றாது. பில்லில் தானாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்க்கிறதா என்றும் பாருங்கள். தனிநபர் கட்சிக்காரருக்கு வக்கீல் செய்யும் சேவைக்கு விலக்கு உண்டு. வரம்புக்கு மேல் வியாபாரம் உள்ள நிறுவனம் என்றால் வரியை அந்த நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும். எங்கே எப்படி அணைப்பது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் அவர் இதுவரை எத்தனை வக்கீல் ஆபீஸ் பார்த்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தானாகப் போகும் குறுஞ்செய்தி

கட்சிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தேதி தானாகப் போகும் வசதியைக் கேட்டதும் எல்லோருக்கும் பிடித்துவிடும், ஜூனியருக்கு போன் வேலை குறையும் அல்லவா. ஆனால் அந்த நம்பர் யாருடையது? கிராமத்தில் அம்மாவின் கேஸுக்கு மகன் நம்பர் கொடுத்திருப்பார், அந்த மகனே நாளைக்குப் பாகப்பிரிவினையில் எதிர்த்தரப்பில் நிற்கலாம். ஜீவனாம்ச வழக்குப் போட வந்த பெண்ணின் போன் கணவன் கையில் இருக்கலாம். வழக்கு வாரியாக இதை அணைக்கவும், செய்தியில் வழக்கின் தன்மை தெரியாமல் வைக்கவும் முடியாவிட்டால் மொத்தமாக அணைத்துவிடுவதே நல்லது.

சில மென்பொருள்கள் ‘புதிய கட்சிக்காரர்களைப் பிடித்துத் தருகிறோம்’ என்று கூடவே ஒரு விளம்பரப் பக்கமும் தரும். பார் கவுன்சில் விதி 36 வக்கீல் விளம்பரத்தைத் தடுக்கிறது. இணையத்தில் இப்படி வக்கீல் சேவை விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டதும் நினைவிருக்கட்டும்.

ரகசியத்தைப் பொறுத்தவரை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 132-ம் பிரிவு வக்கீலின் கடமையை மொழிபெயர்ப்பாளருக்கும், வக்கீலின் குமாஸ்தாவுக்கும், ஊழியருக்கும் நீட்டிக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நம் கோப்பை அவர்கள் ஆட்கள் யார், எப்போது திறக்கலாம், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க அதைப் பயன்படுத்துவார்களா, எந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விலை என்பதால் ஐந்து பேரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைவது அடுத்த தவறு. ஜூனியர் தனியாகப் பிராக்டிஸ் தொடங்கப் போகும் நாளில் அது தெரியும்.

வெளியே வரும் வழி

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு, கட்டுகளைக் கீழ்த்தளத்தில் அடுக்கி வைப்பதில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆன்லைனில் ஒரு பிரதி இருப்பது நல்லதுதான். ஆனால் அதே மழையில் மின்சாரமும் போன் சிக்னலும் போயின. அடுத்த ஒரு வாரத்து வாய்தாப் பட்டியலாவது நெட் இல்லாமல் கைபேசியில் திறக்க வேண்டும். பொறுப்பான ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் அதை அச்செடுத்து வைத்தாலும் சரி.

சந்தாவை நிறுத்தினால் நம் கோப்புகள் என்ன ஆகும் என்று சேரும் முன்பே கேட்பவர் குறைவு. ‘எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்பார்கள். சோதனைக் காலத்திலேயே எடுத்துப் பாருங்கள். வழக்கு விவரங்கள் எக்ஸெல் கோப்பாக வருகின்றனவா, ஆவணங்கள் வைத்த பெயரிலேயே வழக்கு வாரியாக வருகின்றனவா, அல்லது எண்ணும் எழுத்துமாக ஆயிரம் கோப்புகள் ஒரே பையில் கொட்டுகின்றனவா? சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள் திறந்து பார்க்கலாம் என்பதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். மூன்று வருடச் சந்தா ஒன்றாகக் கட்டினால் தள்ளுபடி என்பதில் மயங்க வேண்டாம், முதல் வருடம் மாதச் சந்தாவே போதும்.

முடிந்துபோன வழக்குகளையெல்லாம் ஏற்ற ஆள் வைத்துச் செலவழிக்கவும் வேண்டாம். நிலுவையில் உள்ளவை மட்டும் போதும், பழையது எப்போது தேவையோ அப்போது. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, ஏற்றும் வேலையை அப்போது வைத்துக்கொண்டால் ஜூனியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். யார் ஏற்றினாலும் சரிபார்ப்பது குமாஸ்தாவாக இருக்கட்டும். டெமோ நாளிலேயே அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கேட்கும் கேள்வி சீனியருக்குத் தோன்றாது. புதிய மென்பொருள் ஒழுங்காக ஓடும்வரை, குறைந்தது கோடை விடுமுறை முடிந்து தசரா விடுமுறை வரும் வரையாவது, அவருடைய டைரியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.