ஏற்காட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு 'ஒரு எட்டு போய்விட்டு வரலாம்' என்கிற தூரம்தான். 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்தில் இருப்பதாலேயே கடைவீதிக்குப் போவதுபோல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளம்புவது முதல் தவறு. அந்த நேரத்தில் மலைப்பாதையில் தெரிவது முன்னால் போகும் காரின் பின்பக்கம் மட்டுமே. விடிந்ததும் அடிவாரத்தில் இருந்தால் காடு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே முட்புதரும் மூங்கிலும். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்க ஒரு பீடித் துண்டு போதும். மேலே போகப் போக மரம் உயர்ந்து, பாறையில் பாசி பிடித்து, காற்றில் ஈரம் ஏறும். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், அதனால் ஏழெட்டு டிகிரி குறைவு. மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்து குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மேலே பச்சையாகத் தெரிவதெல்லாம் மழைக்காடு என்று நினைக்க வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு மலையின் பெரும்பகுதி எஸ்டேட் ஆகிவிட்டது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி நிற்கும். போட்டோ எடுக்கிறேன் என்று வேலி தாண்டுவது அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைவதுதான். காட்டெருமைகளுக்கு அந்த வேலி ஒரு பொருட்டில்லை. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. பழைய சோலைக்காடு ஓடையோரப் பள்ளங்களில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் பூச்செடிகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்துக்குப் போங்கள். மரத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்தால் சேலம் வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

குரங்குக்குப் பொரி போடுவதைப் புண்ணியம் என்கிறார்கள். அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கார் நின்றால் தீனி. அப்புறம் ரோட்டுக்கு ஓடிவந்து சக்கரத்தில் சிக்குகிறது. போன வருடம் ஒன்று என் மனைவியின் கைப்பையைப் பிடுங்கி, ஜிப்பைப் பல்லால் இழுத்துத் திறந்து, மாத்திரை அட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு வீசியது.

கிளியூர் அருவிக்குக் கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. ஏரியோரம் போடும் சிப்ஸ் கவரும் கூடவே போகும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இருக்கும், ஆனால் பாறை வழுக்கும். பலத்த மழை என்றால் மலைப்பாதையில் மண் சரியலாம், அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இறங்கும்போது நடக்கிறது. இதை நானே செய்திருக்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டேன். கியர் பிடிக்காததால் வேகத்தை அடக்கும் வேலை முழுவதும் பிரேக் தலையில் விழுந்தது. பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, ரப்பர் கருகின மாதிரி நாற்றம். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. எப்படியோ கியருக்கு மாற்றி ஓரம்கட்டினேன். அங்கே கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நியூட்ரல்ல வந்தீங்களாங்க?" என்றார். ஏறும்போது எந்த கியரோ அதிலேயேதான் இறங்க வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலை எடுத்த என்னை அந்த அம்மாதான் தடுத்தார்: சூட்டில் ஊற்றினால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளுமாம். அரை மணி நேரம் கொய்யா தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.