சங்கத்தின் வரலாறு எழுதப் போகிறீர்களா? மினிட்ஸ் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு வட்டார எண்ணெய், எரிவாயு அல்லது மின்சாரத் தொழில் சங்கத்தின் வரலாற்றை எழுதச் சொன்னால், முதல் தலைவரின் படம், தொடங்கிய தேதி, நாலு பாராட்டு வரி என்று முடித்துவிடுகிறார்கள். அது ஆண்டுவிழா மலருக்குச் சரி, வரலாற்றுக்குப் போதாது. சந்தையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எதற்காக ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள். பெரும்பாலும் விலை, வரி, அரசு விதி, போர் இவற்றில் ஒன்று அங்கே இருக்கும்.

அமெரிக்காவின் டல்சாவில் மிட்-கான்டினென்ட் எண்ணெய், எரிவாயுச் சங்கம் தொடங்கியது 1917இல். அந்த நாடு முதல் உலகப் போரில் இறங்கியதும் அதே ஆண்டுதான். ஆனால் தேதி ஒத்துப்போகிறது என்பதற்காக அதையே காரணமாக எழுதிவிடாதீர்கள், முதல் கூட்டங்களின் குறிப்பில் என்ன பேசினார்கள் என்று பார்த்த பிறகு எழுதுங்கள். 1919இல் உருவான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (American Petroleum Institute) என்ற தொழில் சங்கத்தின் கதை வேறு. போர்க்கால எண்ணெய் சப்ளையைக் கவனித்த குழுவிலிருந்து அது வளர்ந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது தீர்மானங்களை விட, ஒத்திவைத்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயம் மூன்று கூட்டங்களாக 'அடுத்த முறை பேசலாம்' என்று போனால், உள்ளே சண்டை நடந்திருக்கிறது. பெரிய கம்பெனிக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் இடையில்தான் அநேகமாக அந்தச் சண்டை. 1931இல் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் அளவுக்கு மீறிப் பெருகி விலை தரைதட்டியபோது, உற்பத்தியைக் கட்டுப்படுத்தலாமா கூடாதா என்று தொழிலே இரண்டுபட்டு, ஆளுநர் ராணுவச் சட்டம் போட்டுக் காவல்படையை இறக்கும் வரை போனது. அந்த ஆண்டுகளின் குறிப்பு கிடைத்தால் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

பெயர் மாற்றங்களுக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் பெயர் மாறியதா, சங்கமே கலைந்து வேறொன்று வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1885இல் தொடங்கிய தேசிய மின்விளக்குச் சங்கம், மின்சார நிறுவனங்களுக்கு ஆதரவாகப் பள்ளிப் பாடப்புத்தகம் வரை பிரச்சாரம் செய்தது அரசு விசாரணையில் அம்பலமாகி, கடைசியில் கலைந்துபோனது. 1933இல் அந்த இடத்தில் எடிசன் மின்சார நிறுவனம் (Edison Electric Institute) என்ற புதுச் சங்கம் வந்தது. மலர்க்குழு இந்த மாதிரிப் பக்கத்தை வெட்டச் சொல்லும், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் சந்தா லெட்ஜர், அதாவது உறுப்பினர்கள் கட்டிய சந்தாவின் கணக்குப் புத்தகம். மினிட்ஸில் பூசி மெழுகியிருப்பார்கள், லெட்ஜரில் அது நடக்காது. எந்த ஆண்டில் உறுப்பினர்கள் கும்பலாகச் சந்தா கட்டுவதை நிறுத்தினார்கள் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆண்டு மினிட்ஸை மறுபடி எடுங்கள்.