இருவர் ஏறும் வண்டியை ஒருவர் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலிருந்து மேற்கே பார்த்தாலும் மலைச்சாலைதான். போடியிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூர் தாண்டினால் குமுளி. ஏறி முடித்தால் கேரளம். அங்கிருந்து பூப்பாறை, மூணாறு, வாகமண் என்று போய்க்கொண்டே இருக்கலாம். அதனால்தான் 350 முதல் 450 சிசி வரையிலான வண்டிகள் இப்போது இங்கே தெருவுக்குத் தெரு நிற்கின்றன. வாரம் முழுக்கக் கடைக்கும் தோட்டத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு.

வாங்குவதற்கு முன் யோசனை கேட்பவர்கள் குறைவு. வாங்கிய பிறகு, "அண்ணே, இதை என்ன செய்யலாம்?" என்று வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றைய பிள்ளைகள் இன்னும் கூடுதல் விலை கொடுத்துச் செய்கிறார்கள். ஹெல்மெட், ஆயில், லைசென்ஸ் பற்றியெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் கோட்டைவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான். பையன் ஷோரூமுக்குத் தனியாகப் போவான். தேனி பைபாஸில் இரண்டு கிலோமீட்டர் விரட்டிப் பார்ப்பான். வண்டி பறக்கும். அன்று சாயங்காலமே அட்வான்ஸ். அந்த வண்டியில் அவன் தனியாகப் போகப்போவது ஆபீஸுக்கு மட்டும்தான். மலைக்குப் போகும்போது பின்னால் மனைவியோ நண்பனோ இருப்பார்கள், இரண்டு பக்கமும் பை தொங்கும். அந்தக் கனத்தோடு வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் பார்க்காமலே பணத்தைக் கட்டிவிடுவான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ, பைகளும் மழைக்கோட்டும் 20 கிலோ, அதற்கு மேல் கிராஷ் கார்டும் பை மாட்டும் கம்பியும் பத்துப் பதினைந்து கிலோ. ஏறக்குறைய 195 கிலோ எடையுள்ள வண்டி மேல் இன்னொரு 170 கிலோ. வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதன் கையேட்டில் மொத்த எடை என்று போட்டிருக்கும். ஷோரூமிலேயே வாங்கிப் பாருங்கள்.

எங்களோடு வந்த ஒரு தம்பியின் கதை. கல்யாணமாகிச் சில மாதம்தான். உயரமான அட்வெஞ்சர் ரக வண்டி எடுத்திருந்தான். "சீட் உயரம் எட்டுதாப்பா?" என்று கேட்டதற்கு, "ரெண்டு காலும் எட்டும்ணே" என்றான். உண்மைதான், ஷோரூம் டைல்ஸ் தரையில் இரண்டு காலின் விரல்நுனியும் எட்டியிருக்கிறது. போடிமெட்டு ஏறும்போது ஒரு இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில், ஏலத்தோட்டத்து வேலையாட்களை இறக்கிவிட வந்த ஜீப் எதிரே அகலமாகத் திரும்பியது. இவன் வளைவின் உள்பக்கமே பிரேக் அடித்து நின்றான். வலது கால் பின் பிரேக்கில். இடது காலைக் கீழே விட்டால் தரை அங்கே இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வளைவில் சாலை உள்பக்கம் சரிந்திருக்கும். இடப்பக்க வளைவில் நின்றால் உங்கள் இடது காலுக்குக் கீழே தரை பல அங்குலம் இறங்கியிருக்கும். சமதரையில் விரல்நுனி எட்டுகிறவருக்கு அங்கே எதுவும் எட்டாது. தனியாக இருந்தால் உடம்பை வளைத்துச் சமாளிக்கலாம். பின்னால் ஒருவர், அதுவும் ஒருபக்கமாக இடப்புறம் கால் போட்டு உட்கார்ந்திருந்தால், மொத்தக் கனமும் அந்தப் பக்கம்தான் சாயும். சாய ஆரம்பித்த வண்டியை யாராலும் நிறுத்த முடியாது.

வண்டி சாய்ந்து, பின்னால் இருந்த அவன் மனைவிக்குக் கணுக்கால் பிசகியது. ஜீப்பில் இருந்த அம்மாக்கள் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். பெரிய அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை. சில மாதத்தில் தம்பி வண்டியை விற்றான். ஆன்ரோடு விலையில் வரியும் இன்சூரன்சும் போன கணக்கு. பழைய வண்டி விலையில் அது திரும்ப வராது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி மட்டுமே 12 சதவீதம். வண்டி போன பிறகும் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனம் ஏறினால் பின் சஸ்பென்ஷன் அமுங்கும், சீட் கொஞ்சம் இறங்கும், அதனால் கால் எட்டிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரத்தில் பிடிப்பு குறைந்து ஹேண்டில் லேசாகிவிடும். சைடு ஸ்டாண்டில் போட்டால் வண்டி போதிய அளவு சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கும், ஒரு காற்றடித்தால் மறுபக்கம் விழும். இதைச் சரிசெய்யப் பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதன் ஆரம்ப இறுக்கத்தை, ஏற்ற வேண்டும். ஏற்றினால் சீட் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஆகவே குட்டையான சீட்டைத்தான் முதலிலேயே பார்க்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350-இன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். ஹண்டர் 350-க்கு 790. கிளாசிக் 350-க்கு 805. ஹிமாலயன் 450-இல் 825 அல்லது 845 என்று மாற்றிக்கொள்ளலாம். டிரையம்பின் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் 835. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு 765-க்கும் 835-க்கும் இடையிலுள்ள ஏழு சென்டிமீட்டர் மலையில் மிகப் பெரிய வித்தியாசம். சீட்டின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அகலமான சீட் காலை விரித்துவிடும்.

சரி, எப்படிச் சோதிப்பது? பின்னால் உட்காரப்போகிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள். ஷோரூமில் இருவராக ஓட்டவிட மறுத்தால் அதே வண்டி வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் சாலையில், போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி இடது காலை மட்டும் ஊன்றிப் பாருங்கள். அதே இடத்திலிருந்து வண்டி பின்னால் உருளாமல் கிளப்புங்கள். சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளி எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பின்னால் இருப்பவரின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே, சேலை கார்டோடு பக்கப் பை இடிக்கிறதா என்றெல்லாம் அவரையே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வண்டி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

கொண்டை ஊசி வளைவில் நீங்கள் போவது மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில். அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில்தான் இருக்கும். கிளாசிக், மீட்டியர், ஹண்டர் மூன்றிலும் இருக்கும் 349 சிசி எஞ்சினின் சக்தி 20 குதிரைத்திறன்தான். ஆனால் அதன் முழு இழுவையான 27 நியூட்டன் மீட்டர் 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. டிரையம்பின் ஸ்பீடு 400-இன் இழுவை 37.5, அது முழுசாக வருவது 6500 சுற்றில். சுற்றை ஏற்றி ஓட்டப் பழகியவருக்கு அது அருமையான எஞ்சின். பழகாதவர் கியரைக் குறைக்காமல் பாதி கிளட்சிலேயே ஏறுவார், உச்சிக்குப் போவதற்குள் கிளட்ச் தீய்ந்த வாடை வரும். மதுரை நாற்கர சாலையில் அடிக்கடி போகிறவருக்குப் பெரிய சக்தி பயன்படும். சின்னமனூருக்கும் குமுளிக்கும் இடையிலேயே வாழ்க்கை என்றால் சின்ன எஞ்சின் போதும்.

350 சிசி என்ற எல்லைக்கோட்டை மறப்பது

வண்டி 350 சிசிக்கு உள்ளேயா வெளியேயா என்பது பர்ஸைத் தொடும் விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். இன்சூரன்சிலும் அதே கோடுதான். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். 400 வண்டி வாங்குவது தப்பில்லை. இந்தத் தொகையைச் சேர்க்காமல் விலையை ஒப்பிடுவதுதான் தப்பு.

ட்யூப் டயர்

மலையில் ஆணி ஏறினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ் வாங்குங்கள்.

ஏபிஎஸ்

பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் இது இரண்டு சக்கரத்துக்கும் வேண்டும். சாரல் காலத்தில் பூப்பாறைப் பக்கம் போனால் காரணம் தெரியும்.

சர்வீஸ் சென்டர் தூரம்

கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேபிளுக்காக அவ்வளவு தூரம் போய் வரத் தயாரா என்று வாங்கும் முன்பே யோசியுங்கள்.

கேரளப் பதிவு வண்டியை அவசரப்பட்டு வாங்குவது

குமுளி, நெடுங்கண்டம் பக்கம் நல்ல வண்டி குறைந்த விலைக்கு வரும். மழை ஊரில் ஓடிய வண்டி என்பதால் முதலில் அடியில் பாருங்கள்: பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சைலன்சர் இணைப்பு, சஸ்பென்ஷன் போல்ட், டேங்கின் உள்பக்கம். துரு அங்கேதான் இருக்கும்.

அப்புறம் காகிதம். "ஆர்சி கையில இருக்குண்ணே, போதாதா?" என்பார்கள். போதாது. வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குக் கேரளத்தில் உள்ள ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். பெயர் மாற்ற 29-உம் 30-உம், புது எண்ணுக்குப் படிவம் 27. கடன் முடித்த வண்டி என்றால் படிவம் 35-உம் வேண்டும். தமிழ்நாட்டில் ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் சில வண்டிகளில் குறைந்த விலையின் லாபம் பாதியாகிவிடும்.

கேரளச் சாலைகளில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு சலான் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் விற்பவரே கட்டட்டும். ரசீதையும் தடையில்லாச் சான்றையும் கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.