தொலைநோக்கி மவுண்ட் திரும்பினாலே இணைப்பு அறுந்தது: என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய 9 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பக்கத்து வீட்டு வேப்பங்கொப்பு அதையும் மறைக்கும். அதனால் மொட்டைமாடியில் மவுண்டை, அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டார் தாங்கியை, ஒழுங்காகத் திசைப்படுத்தவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு பாடுபட்ட பிறகு லேப்டாப் மவுண்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் வயிறு எரியும்.

முதல் கோளாறு எளிதுதான். யூஎஸ்பி வயரை வேறு துளையில் செருகியிருந்தேன், லேப்டாப் மவுண்டோடு பேசும் போர்ட்டின் எண் காம் 3 ஆக இருந்தது காம் 7 ஆகிவிட்டது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்து எண்ணை மாற்றினேன், தகவல் போகும் வேகத்தை 9600 பாட் என வைத்தேன். சரி, இணைந்தது.

அப்புறம்தான் உண்மையான தொல்லை. சனிக்கோளுக்குத் திருப்பச் சொன்னால் மோட்டார் இரண்டும் உறுமும், கையடக்கக் கன்ட்ரோலரின் சிவப்பு எழுத்துகள் மங்கும், இணைப்பு போய்விடும். இரண்டு இரவுகள் டிரைவர் மென்பொருளை அழித்து அழித்துப் போட்டேன், பலனில்லை. மூன்றாம் இரவு மவுண்டின் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தேன்: சும்மா நிற்கையில் 12.4 வோல்ட், ஓடும்போது 10.6. பேட்டரி முனையிலோ 12.2-க்குக் கீழே குறையவில்லை. நடுவில் இருந்த ஐந்து மீட்டர் மெல்லிய வயர்தான் மின்னழுத்தத்தைத் தின்றிருக்கிறது! தடித்த செம்பு வயரை ஒரு மீட்டருக்கு வெட்டிப் பற்றவைத்தேன். அன்றிலிருந்து ஒருமுறைகூட அறவில்லை.