ஜப்பானில் மாதவிடாய் நாட்கள்: வாங்குவதும் சமாளிப்பதும்

படிக்கவோ பணிபுரியவோ ஜப்பானுக்குப் புறப்படும் பெண்கள் பெட்டியில் பாதியை நாப்கின்களால் நிரப்பத் தேவையில்லை; முதல் மாதத்துக்கு ஒரு பாக்கெட் போதும். மருந்துக் கடைகளிலும், இரவு முழுவதும் திறந்திருக்கும் செவன் இலெவன், லாசன் போன்ற கடைகளிலும் அவை கிடைக்கும். கண்ணில் படாவிட்டால், "செய்ரியோ நாப்கின் வா தோகோ தெஸ் கா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்கலாம்.

சோஃபி, லோரியே, எலிஸ் ஆகியவை பரவலாக விற்கும் பெயர்கள். நம் ஊரைப் போல எக்ஸ்எல் என்று தேடாமல், உறையில் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் நீளத்தைப் பார்க்க வேண்டும்: பகலுக்கு 20 முதல் 25 வரையும், இரவுக்கு 30 முதல் 40 வரையும் பொருந்தும். 15 சென்டிமீட்டர் அளவில் அழகான உறையில் இருப்பது பெரும்பாலும் அன்றாடக் கசிவுக்கான மெல்லிய லைனர்; உதிரப்போக்குக்கு அது தாங்காது. பயன்படுத்தியதைப் புதிய நாப்கினின் உறையிலேயே சுற்றி, கழிப்பறைக்குள் இருக்கும் சிறு தொட்டியில் போட வேண்டும்.

பணம் செலுத்தும்போது, கேட்காமலேயே நாப்கினைக் காகிதப் பையிலோ ஒளி ஊடுருவாத பையிலோ இட்டுத் தரும் கடைகள் உண்டு. செய்தித்தாளில் சுற்றித் தரும் நம் மருந்துக் கடைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மறைக்க வேண்டாமென்றால் தயங்காமல் மறுக்கலாம். இந்தக் கூச்சத்துக்குப் பின்னால், உதிரத்தைத் தீட்டாகக் கருதிய பழைய வழக்கமும் உள்ளது. சுமோ மல்யுத்த மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்ற தடையை அதனோடு பலர் இணைத்துப் பேசுகிறார்கள். 2018 ஏப்ரலில் ஜப்பானின் மைசுரு நகரில், சுமோ மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்த பெண்களையே இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்றால், அதன் பிடி எத்தகையது என்று விளங்கும். பொது வெந்நீர்க் குளியல் இல்லங்களுக்கு அந்த நாட்களில் செல்வதைத் தவிர்ப்பது பொது வழக்கம். அதைச் சுகாதாரம் கருதிய ஏற்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்குச் செல்வோர் அறிய வேண்டியது இன்னொன்று. 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தரநிலைச் சட்டம், 68ஆம் பிரிவு, வலியால் பணிபுரிய இயலாத பெண் கேட்டால் விடுப்புத் தர வேண்டும் என்கிறது. சட்டம் இவ்வளவு பழையதாயினும், ஆண் மேலாளரிடம் சொல்லக் கூசி மிகச் சிலரே அதைக் கேட்கிறார்கள். அந்நாளுக்குச் சம்பளம் உண்டா என்பது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. ஆகவே பணியில் சேரும்போதே அந்த விதியைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.